ஆறு மாதக் குழந்தைக்கு நூலகத்தில் என்ன வேலை?

டொரன்டோவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ குழந்தை பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு குழப்பம் வந்து சேர்கிறது. உள்ளூர் நூலகம் கைக்குழந்தைகளுக்கென்றே கதைநேரம் நடத்துகிறது; அதற்கு வரச் சொல்லிப் பெற்றோரை அழைக்கிறது. கழுத்து நிற்காத பிள்ளைக்குக் கதை எதற்கு, புத்தகத்தை வாயில் வைத்துச் சப்புகிற வயதில் எழுத்தறிவு எங்கிருந்து வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். மறுபுறம், பல் முளைக்கும் முன்பே எழுத்து அட்டைகளைக் காட்டத் தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அச்சத்தை விளம்பரங்கள் வளர்க்கின்றன. எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம்தான்: கைக்குழந்தைக் கதைநேரம் குழந்தைக்குப் படிக்கக் கற்றுத் தரும் வகுப்பு என்ற எண்ணம். உண்மையில் அங்கே கற்றுக்கொள்பவர் முதலில் பெற்றோர்தான். குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டியது அவர் வழியாகத்தான் போய்ச் சேருகிறது.

கதைநேரத்தில் நடப்பது என்ன

பெயர் கதைநேரம் என்றாலும் அதில் கதைக்குக் கிடைக்கும் பங்கு சிறியது. பெரும்பாலான நூலகங்களில் பிறந்தது முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளைப் பெற்றோர் மடியில் வைத்துக்கொண்டு தரையில் வட்டமாக உட்காருகிறார்கள். நிகழ்ச்சி இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை நடக்கும். வரவேற்புப் பாட்டு ஒன்று, முழங்காலில் வைத்துக் குதிக்க வைக்கும் பாட்டுகள், விரல் விளையாட்டுகள், தடித்த அட்டையில் அச்சிட்ட ஒரு சிறு படப் புத்தகம், கிலுகிலுப்பையும் மெல்லிய வண்ணத் துணியும் வைத்துக் கொஞ்ச நேர விளையாட்டு, விடைபெறும் பாட்டு என்ற வரிசையில் அது அமையும். பின்னர் குழந்தைகளைத் தரையில் விட்டுவிட்டுப் பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்னொரு கால் மணி நேரத்தையும் பல நூலகர்கள் ஒதுக்குகிறார்கள்.

நூலகரின் மடியில் பெரும்பாலும் ஒரு துணிப்பொம்மை இருக்கும். ஒவ்வொரு அசைவையும் அவர் பொம்மையை வைத்துச் செய்து காட்டுவார். பெற்றோர் அதைப் பார்த்துத் தம் பிள்ளையிடம் செய்வார்கள். ஏதேனும் ஒரு குழந்தையைத் தூக்கி அவரே செய்து காட்டலாம், ஆனால் செய்வதில்லை. அந்தப் பாட்டைப் பெற்றோர் தம் கையால், தம் வாயால் செய்து பழகினால்தான் மறுநாள் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் அது வீட்டில் தொடரும். வாரத்தில் அரை மணி நேரத்தில் எந்த நூலகராலும் ஒரு பிள்ளையின் மொழியை வளர்த்துவிட முடியாது. மீதி நேரம் முழுவதும் பிள்ளையோடு இருப்பவரை மாற்றினால் முடியும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெட்ஸி டயமன்ட்-கோஹன் என்ற நூலகர் 1998-இல் தொடங்கிய கைக்குழந்தை நிகழ்ச்சி பல நூலகங்களுக்கு முன்மாதிரியானது. ஒரு வாரத்தில் செய்ததில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடுத்த வாரமும் அப்படியே செய்வது அதன் அடிப்படை விதி. வளர்ந்தவர்களுக்குச் சலிப்பூட்டும் இந்தத் திரும்பச் செய்தல்தான் குழந்தைக்குத் தேவையானது. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே அறிந்து, அந்த இடம் வரும்போது கையையோ காலையோ ஆட்டிக் காத்திருப்பதே அந்த வயதில் கதையைத் தொடர்ந்து செல்லும் முதல் பயிற்சி.

தமிழ் வாசகருக்கு இவற்றில் எதுவும் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் பிள்ளைத்தமிழ், தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையையும், நாவசைத்துப் பாடும் தாலையும், கைகொட்டும் சப்பாணியையும் தனித்தனிப் பருவங்களாகவே வைத்திருக்கிறது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல் விரலாக ஊட்டி, அக்குள் வரை நண்டூர விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை நூலகரிடம் காட்டினால், அவர் அதை உடனே தம் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். பாட்டிமார் கூட்டுக் குடும்பத்தில் செய்துவந்ததை, பாட்டி பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு தாய்க்கு ஒரு பொது நிறுவனம் செய்து தருகிறது என்று இதைப் புரிந்துகொள்வதே சரி.

குழந்தை எப்போது கேட்கத் தொடங்குகிறது

இவ்வளவு சிறிய வயதில் தொடங்க வேண்டிய காரணத்தைப் புரிந்துகொள்ள மூன்று ஆய்வுகள் உதவும்.

1. 1986-இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கருவுற்ற தாய்மாரைப் பேறுகாலத்தின் கடைசி ஆறு வாரங்களில் நாளுக்கு இருமுறை ஒரே பகுதியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். பிறந்த சில நாட்களிலேயே அந்தக் குழந்தைகள் முன்பு கேட்ட பகுதியையும் கேளாத பகுதியையும் வேறுபடுத்திக் காட்டின. கேட்ட பகுதியை ஒலிக்க வைப்பதற்காகச் சூப்பானைச் சப்பும் தாளத்தையே மாற்றின. பொருள் விளங்காத போதும் பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் கருவிலேயே பதிகின்றன என்பது இதனால் தெரியவந்தது.

2. 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு தமிழ்ப் பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். ஒன்று நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலி, மற்றொன்று நாக்கு மேல்நோக்கி வளைந்து எழும் ஒலி. நம் ‘த’, ‘ட’ வேறுபாடு அதே வகையைச் சேர்ந்தது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த வேறுபாட்டை எளிதாக உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலானவற்றுக்கு அது கைநழுவிப் போயிருந்தது. பிறக்கும்போது எல்லா மொழிகளுக்கும் திறந்திருக்கும் காது, முதல் ஆண்டு முடிவதற்குள் தன்னைச் சுற்றி ஒலிக்கும் மொழிக்கென்று தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது.

3. 2003-இல் பாட்ரிசியா கூல் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் அறிமுகப்படுத்தினார்கள். நேரில் அமர்ந்து புத்தகம் காட்டிப் பேசி விளையாடியவரிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் கற்கவில்லை.

மூன்றாவது ஆய்வு கதைநேரத்தின் வடிவத்தையே விளக்கிவிடுகிறது. கைக்குழந்தை மொழியைக் கற்பது எதிரில் இருக்கும் மனிதரிடமிருந்து. அவர் கண் எங்கே போகிறது, தன் ஒலிக்கு அவர் என்ன மறுமொழி தருகிறார் என்பதிலிருந்து. குழந்தை ‘ங்கா’ என்கிறது, தாய் வேலையை நிறுத்திவிட்டு ‘என்னடா செல்லம், பசிக்குதா?’ என்கிறாள், குழந்தை மறுபடி ‘ங்கா’ என்கிறது. உரையாடலில் முறை மாற்றிப் பேசுவது என்ற விதி, ஒரு சொல்லும் பேச வராத காலத்திலேயே இந்தக் கொடுக்கல் வாங்கலில் படிந்துவிடுகிறது. திரைக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை நேரமே வேண்டாம் என்கிறது. அதற்குப் பதிலாக அவர்களுக்குப் படித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும் பரிந்துரைக்கிறது.

ஒலியிலிருந்து எழுத்துக்கு

எழுத்தறிவு எழுத்தில் தொடங்குவதில்லை. எழுத்தைக் கற்பதற்கு முன் குழந்தை பெற வேண்டிய அடித்தளம் ஒன்று இருக்கிறது. ஆங்கில ஆய்வுலகம் அதை முகிழ்நிலை எழுத்தறிவு என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இரு பிரிவுகள் 2004-இல் நாடு முழுவதற்குமாக அறிமுகப்படுத்திய பெற்றோர் கல்வித் திட்டம் அந்த அடித்தளத்தை ஆறு திறன்களாகப் பிரித்தது: புத்தகத்தின் மேல் விருப்பம், சொல்லுக்குள் இருக்கும் சிற்றொலிகளைப் பிரித்துணர்தல், சொல்வளம், நடந்ததை வரிசையாகச் சொல்லும் திறன், அச்சு எப்படிச் செயல்படுகிறது என்ற அறிவு, எழுத்துகளை அடையாளம் காணுதல்.

ஆய்வு நோக்கில் இந்தப் பட்டியல் பிழையற்றது. ஆனால் ஆறு மாதப் பிள்ளையின் தாயிடம் ‘ஒலிப் பகுப்புணர்வை வளருங்கள்’ என்றால் அவர் என்ன செய்வார்? 2011-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதைச் சரிசெய்தது. திறன்களின் பெயர்களைப் பின்னால் தள்ளி, பெற்றோர் செய்ய வேண்டிய ஐந்து செயல்களை முன்னால் வைத்தது: பேசுதல், பாடுதல், படித்துக் காட்டுதல், எழுதுதல், விளையாடுதல். கைக்குழந்தைக்கு எழுதுதல் என்பது விரலால் உணவைப் பிடிப்பதும் தட்டில் கோடு இழுப்பதும்தான். பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கப்போவது அந்த விரல்களே.

பாட்டுக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடைத்ததற்கு ஒலி சார்ந்த காரணம் உண்டு. சாதாரணப் பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுகின்றன. பாடும்போது ஒவ்வோர் அசையும் நீண்டு, தனித் தாளத்தில் விழுகிறது. ‘அம்–மா’ என்று இரண்டு தட்டுத் தட்டும்போது சொல் என்பது துண்டுகளால் ஆனது என்பதைக் குழந்தையின் உடல் அறிகிறது. தமிழில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. நம் எழுத்து முறையில் 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய்களாகின்றன. ‘க’, ‘கி’, ‘கு’ என்று ஒவ்வோர் உயிர்மெய்யும் மெய்யும் உயிரும் சேர்ந்த ஓர் ஒலிக்கூட்டுக்கு நிற்கிறது. எனவே சொல்லை அப்படித் துண்டுகளாக உணரும் காது, தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளையைவிட நேரடியாகப் பயன்படுகிறது. ‘கல்’, ‘கால்’ என்ற குறில் நெடில் வேறுபாட்டைக் காதால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் துணைக்கால் எதற்கு என்று புரியும்.

எந்த மொழியில் பேசுவது

வெளிநாட்டுத் தமிழ்ப் பெற்றோரை அதிகம் அலைக்கழிக்கும் கேள்வி இதுவே. நூலகத்தில் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள், எனவே வீட்டிலும் ஆங்கிலத்தில் பேச வேண்டுமா, இரண்டு மொழி கேட்டால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகுமா என்று கேட்கிறார்கள். இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பதே இத்துறை ஆய்வுகளின் பொதுவான முடிவு. தனக்கு முழுமையாக வராத மொழியில் அளந்து அளந்து பேசும் தாயைவிட, தன் மொழியில் கொஞ்சி, கேலி செய்து, கதை அளக்கும் தாயிடம் குழந்தை பெறுவது பல மடங்கு அதிகம். வெர்க்கரின் ஆய்வை இங்கே மீண்டும் நினைக்கலாம்: ‘த’வும் ‘ட’வும் காதில் பதிய வேண்டிய மாதங்களில் வீட்டில் தமிழ் ஒலிக்கவில்லை என்றால், ஆறு வயதில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி அதை மீட்பது கடினமான வேலை. சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் ஆங்கிலத்தோடு தமிழ், சீனம், மலாய் ஆகிய தாய்மொழிகளிலும் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளை நடத்துவது இந்தப் புரிதலுக்குப் பொருந்துகிறது.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆங்கில வழிகாட்டி நூல்களில் இதற்கு விடை கிடைக்காது. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. புத்தகத்தில் ‘குரங்கு மரத்தின் மேல் ஏறி அமர்ந்துகொண்டது’ என்று இருக்கும். எந்தத் தாயும் மடியில் இருக்கும் பிள்ளையிடம் அப்படிப் பேசுவதில்லை. ‘கொரங்கு மரத்து மேல ஏறி உக்காந்துக்கிச்சு’ என்றுதான் சொல்வாள். அப்படியானால் புத்தகத்தில் உள்ளபடி படிப்பதா, பேச்சுக்கு மாற்றிச் சொல்வதா?

இதே இரட்டை வழக்கு கொண்ட அரபு மொழியிலிருந்து ஒரு குறிப்பு கிடைக்கிறது. டினா ஃபைட்டல்சன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளி வயதில் எழுத்து அரபியில் கதைகளைத் தொடர்ந்து படித்துக் காட்டக் கேட்ட பிள்ளைகள், பின்னர் அவ்வழக்கில் கேட்டதைப் புரிந்துகொள்வதில் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். ‘எழுத்து வழக்கு கடினம், பிள்ளைக்குப் புரியாது’ என்று தள்ளிவைப்பது பள்ளிக்கூடம் வரும்போது அதை அந்நிய மொழியாக்கிவிடுகிறது என்பது இதிலிருந்து பெறத்தக்க பாடம். கைக்குழந்தைகளை வைத்து இந்த ஆய்வு செய்யப்படவில்லை. அதனால் கீழே உள்ளவற்றை இக்கட்டுரையின் மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

1. ஒரு வயது வரை புத்தகம் பேச்சுக்கு ஒரு சாக்கு மட்டுமே. படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் தாராளமாகப் பேசலாம்; அச்சில் உள்ள வரிகளைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை.

2. பாட்டில் எழுத்து வழக்கு வந்தால் மாற்ற வேண்டாம். தாளம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

3. ஒன்றரை வயதுக்குப் பிறகு, விருப்பமான புத்தகத்தைச் சில முறை பேச்சில் சொல்லிவிட்டு, அடுத்த முறை அச்சில் உள்ளபடியே படிக்கலாம். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் புதிய வழக்கு பிள்ளையை விரட்டாது. ‘உக்காந்துக்கிச்சு’ என்பதும் ‘அமர்ந்துகொண்டது’ என்பதும் ஒன்றே என்பதைப் படமே சொல்லிக்கொடுத்துவிடும்.

பலன் எவ்வளவு உறுதி

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1992-இல் சுமார் 300 குடும்பங்களோடு தொடங்கிய புக்ஸ்டார்ட் திட்டம், குழந்தைகளுக்கு இலவசப் புத்தகம் தரும் முயற்சிகளில் பெரிதும் பேசப்படுவது. சுகாதாரப் பரிசோதனைக்கு வரும் குழந்தைகளின் பெற்றோருக்குப் புத்தகமும் நூலக அழைப்பும் அடங்கிய பை தரப்பட்டது. பேரி வேட், மேகி மூர் இருவரும் அவர்களில் ஒரு பகுதியினரைப் பள்ளி வயது வரை தொடர்ந்து கவனித்து, அவர்கள் மற்ற குழந்தைகளைவிட முன்னே நின்றதாகப் பதிவு செய்தார்கள். ஊக்கமளிக்கும் முடிவுதான், ஆனால் ஒப்பிட்ட குழுக்கள் சிறியவை. அந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு ‘புத்தகப் பை மதிப்பெண்ணை உயர்த்தும்’ என்று எழுதுவது மிகை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாய்விட்டுப் படித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டபோதும், மொழி வளர்ச்சியோடு பெற்றோர் பிள்ளை உறவையும் சேர்த்தே காரணமாகக் காட்டியது.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ‘மூன்று கோடிச் சொல் இடைவெளி’ என்ற எண்ணையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். ஹார்ட், ரிஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கான்சஸில் 42 குடும்பங்களின் பேச்சைப் பதிவு செய்து, வறிய குடும்பத்துப் பிள்ளைகள் கேட்கும் சொற்கள் மிகக் குறைவு என்று கணக்கிட்டு 1995-இல் வெளியிட்டார்கள். குடும்பங்களின் எண்ணிக்கை சிறியது. மேலும் தாய் பிள்ளையிடம் நேரடியாகச் சொன்னதே முதன்மையாக எண்ணப்பட்டது, வீட்டில் மற்றவர் பேசக் கேட்டது விடுபட்டது என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. பத்துப் பேர் பேசும் வீட்டில் வளரும் பிள்ளையின் காதை அந்தக் கணக்கு அளக்காது.

எதிர்த்திசையில் கிடைக்கும் சான்று தெளிவாக இருக்கிறது. கைக்குழந்தைக்கே படிக்கக் கற்றுத் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட ஒரு காணொளித் தொகுப்பின் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2012-இல் பொய் விளம்பரத்துக்காக நடவடிக்கை எடுத்தது. அவ்வகைப் பொருளை 117 குழந்தைகளிடம் ஏழு மாதம் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குப் படிக்க வரவில்லை என்றும், வருவதாகப் பெற்றோர் மட்டும் நம்பினார்கள் என்றும் காட்டியது. பணம் கேட்காத நூலகக் கதைநேரம் இப்படி எந்த வாக்குறுதியும் தருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வராதவர்களைத் தேடி

இந்த ஏற்பாட்டின் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. கதைநேரம் பெரும்பாலும் வேலை நாளின் காலைப் பொழுதில் நடக்கிறது. விடுப்பில் இருக்கும், படித்த, நூலகப் பழக்கமுள்ள பெற்றோர் வருகிறார்கள். இரண்டு வேலை பார்க்கும் தாய் வருவதில்லை. அதனால் கதைநேரம் ஏற்கெனவே இருக்கும் இடைவெளியைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடவும் கூடும்.

இதை உணர்ந்த நூலகங்கள் சுவருக்கு வெளியே வந்தன. சிகாகோ பொது நூலகத்தின் ஊழியர்கள் துணி துவைக்கும் கடைகளில், இயந்திரம் சுழன்று முடிவதற்குக் காத்திருக்கும் தாய்மாரிடையே கதைநேரம் நடத்தினார்கள். புக்ஸ்டார்ட் மருத்துவப் பரிசோதனையைப் பிடித்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான்: நூலகத்துக்கு வராத குடும்பமும் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும். ஜப்பான் 2001-இல் அத்திட்டத்தைத் தொடங்கியபோது நகராட்சிகளின் குழந்தை உடல்நலப் பரிசோதனையையே புத்தகம் தரும் இடமாகத் தேர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டில் இதற்குத் தேவையான உறுப்புகள் தனித்தனியாக இருக்கின்றன. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது; சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவுகள் உள்ளன; அங்கன்வாடியும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசிக்காக ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் குழந்தையோடு வந்து காத்திருக்கிறார்கள். ஒன்பதாம் மாதம் என்பது பிள்ளைத்தமிழின் கணக்கில் குழந்தை கைகொட்டத் தொடங்கும் சப்பாணிப் பருவம். ஆய்வாளர் கணக்கில் காது தன் மொழியைத் தேர்ந்துகொள்ளும் கடைசி மாதங்கள். கிளை நூலகத்திலிருந்து ஒருவர் பத்து அட்டைப் புத்தகங்களோடும் ஒரு துணிப்பொம்மையோடும் அந்தத் தடுப்பூசி நாளில் துணைச் சுகாதார நிலையத்தின் திண்ணைக்குப் போய் உட்காருவதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.